அவள் கேட்டது ஓர் ஆற்றங்கரை

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஓகஸ்ட் மாதம் அது. பள்ளிக்கூட விடுமுறை. லண்டன் கிங்ஸ்பரியில் இருந்து நானும் மனைவியும் மகளும் காரில் புறப்பட்டு, ஜேர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு வீட்டின் மேல்மாடியை சனி தொடங்கிச் சனி வரை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். அந்த வீட்டை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பார்சல் டிப்போவில் வான்களுக்கு ரூட் போடுகிறவன். எந்த வான் எந்தத் தெருவால் போனால் நேரம் மிச்சம் என்பதுதான் இருபது வருடமாக என் யோசனை. வீட்டு விடுமுறையையும் அப்படியே நடத்துவேன். ஒரே கிழமையில் பாரிஸ், லூர்து, சுவிஸ் எல்லாம் சுற்றித் திரும்பியதை கோயிலில் காணுகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா பாதி ஐரோப்பாவை நித்திரையில்தான் பார்த்தவ என்று மகள் என்னைக் கேலி செய்வாள்.

அந்த வருடம் நிலைமை வேறு. முந்திய மாரிகாலத்தில் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து யூலையில்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். களைப்பு இன்னும் பல மாதம் இருக்கும், உடம்பை அவசரப்படுத்த வேண்டாம் என்று தாதி சொல்லி அனுப்பினார். எங்கே போக விருப்பம் என்று மனைவியிடம் கேட்டேன்.

"எனக்கு ஒரு இடமும் சுத்திப் பாக்க வேண்டாம். ஒரு ஆத்தங்கரையாப் பாருங்கோ. ஒரு கிழமை அதிலை சும்மா இருந்தாக் காணும்" என்றாள்.

அந்த வருடம் முழுவதும் அவள் வாய் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

நானும் மினக்கெட்டுத்தான் தேடினேன். பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கம் அருமையான வீடுகள் இருந்தன. வாசலிலேயே ஆறு, சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை. மனைவிக்குப் படத்தைக் காட்டியபோது அவளுடைய முகம் மலர்ந்தது. ஆனால் நான் அதை எடுக்கவில்லை. காரணம், எங்களுடைய ரகசியம்.

புற்றுநோய் என்ற அவளுடைய வருத்தத்தை நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் அவளுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். சொன்னால் ஊர் உலகமெல்லாம் போன் போகும், இது பரம்பரை வருத்தம் என்று நாளைக்கு மகளுடைய கலியாணப் பேச்சிலும் வந்து நிற்கும் என்று பயந்து, சொல்லவே கூடாது என்று தீர்மானித்தவன் நான்தான். கோயிலில் அவளை ஏன் காணவில்லை என்று கேட்டவர்களுக்கு முதுகுநோ என்றேன். அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தபோதும் பெயர் எழுதாமல், 'ஒரு குடும்பத்தின் விசேட கருத்துக்காக' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஆண்டவருக்கே முகவரி கொடுக்காத ஆள் நான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஐரோப்பாவுக்குக் காரில் போய்விட்டு அங்கிருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் படி மிதிக்காமல் வந்தால் அது ஆயுளுக்கும் ஒரு குறை. வருத்தம் என்று சொன்னால் எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள். அதைச் சொல்ல முடியாதென்றால், நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் செய்வதையெல்லாம் நாங்களும் செய்து காட்டவேண்டும். ஜேர்மனியில் மனைவியின் சித்தி ஒருவர், எனக்கு ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர், என் சொந்த அக்கா என்று மூன்று வீடுகள். மூன்று வீட்டையும் வரைபடத்தில் குறித்து, கோடு இழுத்து, மூன்றுக்கும் நடுவில் எது வருகிறது என்று பார்த்தேன். மோசல் ஆறு வந்தது. ஆறும் இருக்கிறது, ரூட்டும் சரி என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

அக்காவின் வீட்டைக் கடைசியாகப் போட்டேன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அதற்கு மூன்று வருடத்துக்கு முன், மகள் பெரியபிள்ளையானதற்கு நாங்கள் செய்த சாமத்தியவீட்டுக்கு அக்கா வரவில்லை. தகப்பனோடு கூடப்பிறந்த மாமிதான் சடங்கில் பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டியவர். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஒரு கிழமைக்கு முதல் போனில் சொல்லி நின்றுவிட்டார். தூரத்து உறவு ஒருவரைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினோம். மண்டபத்தில் ஆளுக்கு ஆள் அக்கா எங்கே என்று கேட்டதை நான் மறக்கவில்லை. அதன் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கும் ஈஸ்டருக்கும் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. இந்த முறை போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிவிடுவது, 'நீ வராவிட்டாலும் நான் வந்தேன்' என்று காட்டிவிட்டு வருவது, அதுதான் என் திட்டம்.

சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். எதிர்க்கரையில் மலை முழுக்க முந்திரிகைக் கொடிகள், வைனுக்கான திராட்சைத் தோட்டம். வீட்டின் கீழே ஒரு தோட்டம், அதன் ஓரத்தில் இருவர் இருக்கக்கூடிய ஒரு மர வாங்கு, அதற்கு அப்பால் ஆறு. நீளமான சரக்குப் படகுகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மனைவி பையைக்கூட அவிழ்க்காமல் போய் அந்த வாங்கில் இருந்தாள். நான் மேலே நின்று, நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீடு. நண்டுக்கறி, ஆட்டிறைச்சி என்று மேசை நிறைந்த சாப்பாடு. மனைவிக்கு இன்னும் நாக்கில் ருசி சரியாகத் திரும்பவில்லை. ஆனாலும் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். நல்ல வெயில். கீமோவில் மயிர் கொட்டியதால் வைத்திருந்த பொய்முடிக்கு அடியில் இருந்து வியர்வை கழுத்தால் வடிந்ததை நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன்.

திங்கட்கிழமை அண்ணை வீடு. அண்ணி மனைவியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "உமக்கு இந்த வயசிலையும் தலைமயிர் என்ன வடிவா இருக்கு! என்ன எண்ணெய் வைக்கிறனீர்?" என்று கேட்டார். மனைவி சிரித்துக்கொண்டு ஏதோ ஒரு எண்ணெயின் பெயரைச் சொன்னாள். திரும்பி வரும்போது காரில் பொய்முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். படி ஏற ஏலாமல் இரண்டு இடத்தில் நின்றாள். மகள்தான் தாயின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகள் என் டாப்லட்டை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தவள், நான் கோடு இழுத்த வரைபடத்தைக் கண்டுவிட்டாள். மூன்று வீடு, மூன்று கோடு, பக்கத்தில் நிமிடக் கணக்கு. "அப்பா, ஹொலிடேக்கும் டிப்போ ரூட்டா?" என்று சிரித்துக்கொண்டு தாயிடம் காட்டினாள். மனைவி சிரிக்கவில்லை. டாப்லட்டை வாங்கிக் கோடு கோடாகப் பார்த்தாள்.

"நான் கேட்டது ஆறு. நீங்கள் பாத்தது ரோட்டு. நாளைக்கு நான் வரேல்லை" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா என்ன நினைப்பா? உமக்குத் தன்னிலை கோவம் எண்டெல்லோ நினைப்பா" என்றேன்.

"நினைக்கட்டும். எனக்கு இனி நடிக்க ஏலாது."

புதன்கிழமை காலை, அக்காவுக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு போனும் கையுமாகக் கீழே இறங்கினேன். பழைய முதுகுநோவையே திருப்பிச் சொல்வதென்று முடிவெடுத்திருந்தேன். தோட்டக் கதவடியில் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மனைவி வாங்கில் இருந்தாள். தலையில் பொய்முடி இல்லை. அப்போதுதான் முளைத்துவந்த கட்டை மயிர் வெயிலில் தெரிந்தது. பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரப் பெண், மடியில் ஒரு பாத்திரம் நிறையப் போஞ்சிக்காய் வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, இவளுக்கு ஜேர்மன் தெரியாது. இவள் தன் நெஞ்சில் கையை வைத்து, முதன்முதல் டொக்டர் சொன்னதில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அழுதாள். அத்தனை மாதமும் வீட்டில் என் கண்ணுக்கு முன்னால் அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை. அந்தப் பெண் ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்து, கொஞ்ச நேரத்தில் ஒரு பிடி போஞ்சியை எடுத்து இவளுடைய மடியில் போட்டார். இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நார் உரிக்கத் தொடங்கினாள்.

பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம் சொல்லி அழும்படி அவளை விட்டுவிட்டேனே என்று எனக்குள் ஏதோ உடைந்தது. சத்தம் போடாமல் முன்பக்கம் போய், படியில் இருந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். முதுகுநோ என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா, "மார்பிலையோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம், அக்கா."

"எனக்கும் அதுதான், தம்பி."

எனக்கு விளங்கவில்லை. எப்போது என்று கேட்டேன்.

"உன்ரை பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு ரிக்கெற் எல்லாம் எடுத்திட்டன். அதுக்கு முதல் கிழமைதான் ரிசல்ட் வந்தது. அத்தானுக்கு லீவு இல்லையெண்டு நான்தான் பொய் சொன்னனான். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு இதை ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்."

நான் மண்டபத்தில் நின்று பல்லைக் கடித்த அந்த நாளில், அக்கா ஆஸ்பத்திரி தரும் சத்திரசிகிச்சைத் தேதிக்குக் காத்திருந்திருக்கிறார். நத்தாருக்கு நான் இரண்டு சொல் பேசிவிட்டு வெடுக்கென்று போனை வைத்த நேரம், அவருடைய தலையில் மயிர் இருந்திருக்காது.

"ஏன் அக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ ஏன் சொல்லேல்லை?" என்றார் அக்கா.

நான் அந்த வீட்டின் முகவரியைச் சொன்னேன். பிறகு தோட்டத்துக்குப் போய் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்தநாள் காலை அக்கா தனியே ரயில் ஏறி வந்தார். ஒரு சட்டி கறிகூடக் கொண்டுவரவில்லை. ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, "வா, முதல் அவவைப் பாப்பம்" என்றார். நேரே தோட்டத்துக்குப் போய் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் நினைத்தது போல் கட்டிப்பிடித்து ஒப்பாரி ஒன்றும் நடக்கவில்லை. "நகம் கறுத்ததோ?" என்று கேட்டார். "வாய்க்கு ருசி திரும்பியிட்டுதோ? எனக்கு எட்டு மாசம் பிடிச்சது." மனைவி கையை நீட்டி நகத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் மகளும் அவர்களைத் தனியே விட்டு, பக்கத்தில் ஓடும் சின்ன ஓடத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போனோம். அங்கே இருந்து பார்க்கும்போது வாங்கில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று திரும்ப மயிர் வளர்ந்த தலை, மற்றது இனி வளரப்போகிற தலை. மாமிக்கு ஏன் சாமத்தியவீட்டுக்கு வர முடியாமல் போனது என்பதை அங்கே வைத்துத்தான் மகளுக்குச் சொன்னேன். அவள் திரும்பி அந்த வாங்கைப் பார்த்தாள்.

அக்கா புறப்படும் சனிக்கிழமை காலை. கைப்பையில் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மகளிடம் கொடுத்தார். சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. சாமத்தியவீட்டுக்கென்று வாங்கி மூன்று வருடமாக வைத்திருந்தது. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு வீட்டுக்குள் ஓடிப்போய் சமையலறையில் இருந்த கண்ணாடிக் கூசாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

"மாமி, இப்ப தண்ணி வாத்துவிடுங்கோவன்" என்றாள்.

லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அந்தச் சடங்கை மண்டபத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தவள், அன்று காற்சட்டையோடு புல்லில் முழங்காலில் இருந்து தலையைக் குனிந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மனைவி எழும்பி வந்து, கூசாவை அவரோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டு பேருமாக மகளுடைய தலையில் தண்ணீரை வார்த்தார்கள். நான் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

மனைவிக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் இருக்கிறது. அந்தக் கிழமை வந்தால் இப்போதும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. ஆனால் அக்கா ஸ்கானுக்கு முதல்நாளே போன் எடுத்துவிடுவார். கோயிலில் வருத்தக்காரருக்காக மன்றாடும்போது மனைவியின் பெயரை வாசிக்கிறார்கள், நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். முதல்முறை வாசித்த அன்று பூசை முடிந்து வெளியே வர, மூன்று பெண்கள் அவளிடம் வந்து, தங்களுக்கும் இருந்தது என்று மெதுவாகச் சொல்லிப் போனார்கள்.

டிப்போவில் இன்றைக்கும் வான்களுக்கு ரூட் போடுகிறேன், ஆனால் யாராவது நல்லதொரு காரியத்துக்கு வராமல் நின்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் கோபப்படுவதற்கு முதல் போனை எடுத்து, "சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்கிறேன், என் அக்காவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது என்பதால்.