அழுகையை விழுங்கிய நீல முயல்

ஹாம்பர்க்கில் எங்கள் சமையலறையில், கழுவிக் கவிழ்த்த டம்ளர்களுக்கு நடுவே ஒரு நீல முயலும் தினமும் காயும். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் பொம்மை. உள்ளே ஏதோ கூழ். அழுத்தினால் காது உப்பும், விட்டால் மெல்லப் பழைய உருவுக்கு வரும். என் மகள் நஸ்ரினுக்கு எட்டு வயது. வீட்டில் ஓயாமல் தமிழ் பேசுகிறவள், பள்ளியில் வாய் திறப்பதில்லை. விரலோரச் சதையை ரத்தம் வரக் கடிப்பாள். எர்கோதெரபி என்ற பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் பெண்மணி அதற்காகத்தான் முயலைத் தந்தார். தரும்போது, "அவள் கோபப்படலாம், அதற்கு அவளுக்கு அனுமதி உண்டு" என்றார். என் அரைகுறை ஜெர்மனுக்கு அது "அவள் கோபமாக இருக்கிறாள்" என்று கேட்டது. உடனே மன்னிப்புக் கேட்டேன். அவர் விநோதமாகப் பார்த்தார். நான் வளர்ந்த திருச்சி பாலக்கரையில் பிள்ளை கோபப்பட்டால் தாய் மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை.

முயல் வேலை செய்தது. ஒரு மாதத்தில் விரல்கள் ஆறிவிட்டன. ஆனால் அழுகை வரும் நேரத்தில் அதை அழுத்துவாள், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும், முகம் வெறுமையாகிவிடும். அழுகை எங்கே போனதென்று தெரியாது. வீடு அமைதியாக இருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

விடுமுறைக்குத் திருச்சி வந்தோம். வெயிலில் முயல் பிசுபிசுத்தது. தூசியும் தலைமுடியும் ஒட்டின. ஸ்ரீரங்கத்தில் டீச்சராக இருக்கும் என் அக்கா ஹாஜிரா அதை வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

"இதப் பிடிச்சிக்கிட்டா பேசுறாளா?"

"இல்லக்கா. கைய கடிக்கிறதில்ல."

"அப்ப கைக்கு வைத்தியம் ஆயிடுச்சு. வாய்க்கு?"

முயலை அவள் கையிலிருந்து வாங்கிக் குழாயடியில் கழுவப் போனேன்.

அக்காவோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சித்திரை வீதியில் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். சத்திரம் பேருந்து நிலையத்தில் மூவரும் பஸ் ஏறினோம். நஸ்ரினுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "பேரு என்ன பாப்பா?" என்றார். "நஸ்ரின்" என்றேன் நான். "எத்தனாவது படிக்கிற?" "மூணாவது" என்றதும் நான்தான். நஸ்ரின் முயலை அழுத்திக்கொண்டே இருந்தாள். காவிரிப் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றது. அங்கேதான் முயலின் வயிறு பிளந்தது. கூழ் அவள் கவுனிலும் அந்த அம்மாளின் சேலையிலும் வழிந்தது.

நஸ்ரின் அழுதாள். பல மாதங்களாக நான் கேட்காத அழுகை, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அழுகை. அதுவும் ஜெர்மனில். "டூ ரேடெஸ்ட் இம்மர் ஃப்யூர் மிஷ்." எப்பவும் நீயே எனக்காகப் பேசுற. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பள்ளியில் உச்சரிக்காத சொற்களெல்லாம் அவளுக்குள்தான் இருந்திருக்கின்றன.

"என்னங்க சொல்லுது பாப்பா?"

அந்த பஸ்ஸில் அது புரிந்தவள் நான் ஒருத்திதான். "பசிக்குதாம்" என்றேன்.

அந்த அம்மாள் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். நஸ்ரின் பிஸ்கட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவரிடம் திரும்பி, தமிழில், "பசிக்கல. நான் அப்படிச் சொல்லல. அம்மா பொய் சொல்றாங்க" என்றாள்.

முகம் தெரியாத ஒருவரிடம் என் மகள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சந்தோஷமாகக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அக்கா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்க்கத் தொடங்கினாள். அந்த அம்மாள் முந்தானையால் கூழைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி, அழுது முடிச்சிட்டு நீயே சொல்லு. பஸ் இப்போதைக்கு நகரப் போறதில்ல."

நஸ்ரின் ஸ்ரீரங்கம் வரை அழுதாள். இறங்கும்போது, "போயிட்டு வரேன்" என்று அவளே அவரிடம் சொன்னாள்.

ஹாம்பர்க் திரும்பியதும் தெரபிக்குப் போனோம். முயல் கிழிந்த கதையை நான் சொல்லவில்லை; நஸ்ரினும் சொல்லவில்லை. நஸ்ரினின் வெறுங்கையைப் பார்த்த தெரபிஸ்ட் அலமாரியைத் திறந்து, "புதிதாக ஒன்று வேண்டுமா?" என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிப் போனது. இன்னொன்றும் போனது.

"யா," என்றாள் நஸ்ரின். "ஆபர்..." வேணும், ஆனா... அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை. தரையைப் பார்த்தபடி தமிழில் முடித்தாள்: "ஸ்கூலுக்கு வேணாம்."

தெரபிஸ்ட் மொழிபெயர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தார். நான் நஸ்ரினைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தின் முன்பாதி அவருக்குப் புரிந்திருக்கும், பின்பாதி திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் புரியும். முழுதாகப் புரிந்த நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.