பிடிபட்ட ஆட்டோவும் தப்பிய ஆட்டோவும்

பூண்டுலோயாவில் ஒரு கல்யாணம். நானும் கணவரும் எங்கள் ஆட்டோவில் போனோம். தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி, தன் கணவர் ராஜாவின் ஆட்டோவில் வந்தாள். அங்கே ஆண்கள் இருவரும் ஒரே போத்தலில்தான் குடித்தார்கள்.

திரும்பும் வழியில் பொலிஸார் இரண்டு ஆட்டோவையும் மறித்தார்கள். என் கணவருக்குச் சிங்களம் தடுமாறும். குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூனை ஊதச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டார். ராஜாவோ சரளமான சிங்களத்தில் குழைந்தார். "ஹரி, யன்ன", சரி போங்கள் என்று, ஊதவிடாமலே அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு நீதிமன்றம், தண்டம், லைசனும் போனது. ஆட்டோ தார்ப்பாய்க்குள் கிடந்தது. நாங்கள் ஏற்றிய பள்ளிப் பிள்ளைகளையும் ராஜாவே ஏற்றினார். அதே போத்தல், அதே பாதை, செல்விக்கு மட்டும் யோகம்! காலையில் அந்த ஹோர்ன் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அவள் தந்த பலகாரத்தைக்கூடத் தொடவில்லை.

அடுத்த விசேஷத்திலும் ராஜா குடித்துவிட்டு ஓட்டினார். ஆட்டோ தேயிலைச் சரிவில் உருண்டது, அவருக்குக் கால் முறிந்தது. நல்ல வேளை, பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை.

ஆஸ்பத்திரியில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்க வீட்டுக்காரர புடிச்ச மாதிரி இவரையும் அன்னைக்கே புடிச்சிருக்கக் கூடாதாக்கா? ஒங்களப் பாத்தா பொறாமையா இருக்கு."

கணவருக்கு லைசன் திரும்பக் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் விசேஷ வீட்டில் இறங்கியதுமே சாவி என் கைப்பைக்குள் போய்விடும். அவர் குடித்தால் பஸ்ஸில்தான் திரும்புவோம்.

"ஒனக்கு அந்தப் பொலிஸ்காரனே தேவல" என்று முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். எந்த மொழியில் குழைந்தாலும் நான் விடுவதாக இல்லை.