டாங்கிக் குழலின் வாயில் இருந்த வீக்கம்

பக்கத்து அறையில் சர்ரென்று தாள் கிழிந்தது. றஞ்சினி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"இஞ்சாருங்கோ, அது லைப்ரரிப் புத்தகம்!"

சண்முகநாதன் காதில் வாங்கவில்லை. காலையிலிருந்து ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தான். யாழ்ப்பாணத்தில் பஸ் எஞ்சின் திருத்தியவன், சுவிஸின் ஓல்டன் நகர முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறான். கையில் சோவியத் டாங்கிப் புத்தகத்தின் ஒரு தாள். மேசையில் அகதி மனுவை நிராகரித்த கடிதம். மேல்முறையீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள். தவறினால் கொழும்பு விமானம்.

மனு எழுத உதவ வந்த பேர்சி கடிதத்தைத் தட்டினான்.

"அண்ணை, உங்கட தம்பி தவராஜாவைக் கொன்ற டாங்கிக்கு, புகையைத் தள்ளுற வீக்கம் குழல் வாயில எண்டு முதல் சொன்னனீங்கள். ரெண்டாம் விசாரணையில நடுவில எண்டிருக்கிறியள். பார்க்காத ஆள் எண்டு எழுதிப்போட்டினம்."

"வாயிலதான் இருந்தது."

"பிறகேன் மாத்தினனீங்கள்?" றஞ்சினியின் குரல் உடைந்தது.

"புத்தகத்தில பார்த்தன். டி-55க்கு நூறு மில்லிமீற்றர் குழல். பிறகு வந்த டி-62க்கு நூற்றிப்பதினைஞ்சு. கோபுரத்து இரும்பும் தடிப்பு, வீக்கம் நடுவில. பெரிசைச் சொன்னால் பெரிசாய் இரக்கப்படுவினம் எண்டு நினைச்சன்."

"குழலின்ர அளவுக்கோ அண்ணை விசா குடுக்கிறவை?" பேர்சி வெறுந்தாளை நீட்டினான். "புத்தகத்தை மூடிப்போட்டு, நீங்கள் கண்ட டாங்கியைப் படமாய்க் கீறுங்கோ."

கீறிய டாங்கியின் அடியில் ஐந்து சில்லுகள் வந்தன. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே அகன்ற இடைவெளி.

"இதேன் இப்பிடி?"

"அதுக்குள்ளதான் தவராஜாவின்ர சறம் சிக்கியிருந்தது."

பேர்சி புத்தகத்தை மெல்லத் திறந்தான். டி-55. அதே இடைவெளி. வாயில் அதே வீக்கம்.

"இந்தப் படத்தோட, புத்தகம் பார்த்துப் பொய் சொன்னதையும் எழுதவேணும்."

"நானே என்னைப் பொய்யன் எண்டோ?" மறுபடி நடக்கத் தொடங்கினான்.

றஞ்சினி வழியை மறித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்.

"அவன் எப்பிடிச் செத்தவன் எண்டு சொல்ல நீங்கள் ஒராள்தான் மிச்சம். சின்ன டாங்கி கொன்றதெண்டால் அவன்ர சாவு குறைஞ்சு போச்சோ?"

அவன் மேசைக்குத் திரும்பினான். பேர்சி எழுதிக் கொடுத்ததில் அழுத்திக் கையெழுத்திட்டான். கசங்கிய டி-62 தாளை எடுத்துப் பேர்சி நீவினான்.

"கிழிச்சதும் நல்லதுக்குத்தான். எதைப் பார்த்துச் சொன்னனீங்கள் எண்டு காட்ட இதையும் வைப்பம்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றாள் றஞ்சினி.

"வந்து குடிக்கிறன் அக்கா. தபால் கந்தோர் பூட்டப்போகுது."

படிகளில் அவன் தடதடவென்று இறங்கினான். கதவு சாத்திக்கொண்டது.