ராத்தாவுக்கு ஒரு கொப்பு

கொட்டாஞ்சேனையில் அந்தத் தெருவில் யார் வீட்டு ஜனாஸாவானாலும் பச்சைக் கொப்பு கொண்டுவருவது பௌஸிதான். மையித்தை அடக்கி மண் மூடியதும் கபுரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அதை நடுவார்கள். வெள்ளவத்தைப் புடைவைக்கடையில் முப்பது வருடம் துணி வெட்டிய மனுஷன் அவர். இப்போது வயது அறுபத்திரண்டு. கொப்பு வெட்டத் தொடங்கியதோ சின்னப்பிள்ளையில், அக்கா ஸீனத்தோடு. ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

குர்ஆன் ஓதல் விட்டதும் இரண்டும் மட்டக்குளி ஆற்றங்கரைக்கு ஓடிவிடும். மஞ்சாடி விதை பொறுக்கிப் போத்தலை நிரப்பும், வேலியில் பிரண்டை இழுக்கும். காய்ந்த வெடிக்காயில் எச்சில் தொட்டுத் தம்பியின் சட்டைக் கழுத்துக்குள் போட்டுவிட்டு, அது வெடிக்க ராத்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். சரியான வால்! ஆனால் தெருவில் மௌத் என்று கேள்விப்பட்டால் விளையாட்டு நின்றுவிடும். ஆடாதோடைப் பற்றைக்குள் புகுந்து கொப்புக் கொப்பாகத் தடவிப் பார்ப்பாள்.

"கணு ஈக்கிற கொப்பா முறிடா. மொட்டத் தடி முளைக்காது."

பெண்பிள்ளை மையவாடிக்குப் போவதில்லை. தெருமுனைவரை வந்து கொப்பைத் தம்பி கையில் கொடுப்பாள். அவன் திரும்பி வந்ததும், "ஒழுங்கா நட்டியா? மண்ண இறுக்கினியா?" என்று குடைந்தெடுப்பாள்.

இரண்டாயிரத்து இருபது டிசம்பரில் ராத்தா கொரோனாவில் மௌத்தானாள். அந்த நோயில் போனவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அப்போது சட்டம். மையித்தை எரிப்பதா! பௌஸி எரிக்கச் சம்மதம் என்ற கடதாசியில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அழுதார், கெஞ்சினார். யார் கேட்டது? எரித்தே விட்டார்கள். அடுத்த வருடம் சட்டத்தை மாற்றி, அடக்கலாம் என்றார்கள். இனி யாருக்கு வேண்டும் அது?

ஊராரின் கபுருக்கெல்லாம் கொப்புத் தேடியவளுக்கு ஒரு கபுர் இல்லை. போய் நின்று ஸலாம் சொல்ல ஆறடி மண் இல்லை. அதுதான் பௌஸியை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டு ஷிப்லியின் உம்மா மௌத்தானார். இரண்டு கொப்பு வெட்டவேண்டிய இடத்தில் பௌஸி மூன்று வெட்டினார், தெரிந்துதான் வெட்டினார். மையவாடியில் இரண்டை நட்டாயிற்று, துஆவும் முடிந்தது. ஆட்கள் கலைந்தபின்னும் மூன்றாவது கொப்போடு அவர் நின்றார்.

"எனத்த மாமா?" என்றான் ஷிப்லி.

"மகன், கோவிக்க வாணாம். ராத்தாக்கு நட எடமில்ல. ஒங்கட உம்மாட கபுர்ல, ஒரு ஓரத்துல..."

அடக்கி அரை மணித்தியாலம் ஆகாத இடத்தில் கேட்கக்கூடிய கேள்வியா அது? வெட்கத்தில் தலை நிமிரவில்லை அவருக்கு.

ஷிப்லி குந்தி, ஈர மண்ணைக் கையால் கிண்டினான்.

"நடுங்க மாமா. உம்மா ஒரு நாளும் தனியப் படுத்ததில்ல. ரெண்டு பேரும் பேசிட்டுக் கெடக்கட்டும்."

பௌஸி கொப்பை நட்டார். எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, ராத்தாவுக்கு வாய்விட்டு ஸலாம் சொன்னார்.