பதினொரு பாகம் குறைவு

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடமாக இதைத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். குறையெல்லாம் பித்தளைத் தகட்டில்தான்.

பிளாஸ்டிக்கில் சின்ன விமானங்கள் செய்வது என் பைத்தியம். அதிலும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டைச் சிறகு வைத்த பழைய விமானங்கள். பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டினாலே விமானம் வந்துவிடும். பைத்தியம் முற்றினால் அதோடு நிற்காது. வெளிநாட்டிலிருந்து பித்தளைத் தகடு எடுப்பிக்கச் சொல்லும். உள்ளங்கை அளவுத் தகடு. விமானியின் இருக்கைப் பட்டி, அதன் கொளுக்கி, துப்பாக்கியில் குறிபார்க்கும் வளையம் என்று எள்ளிலும் சிறிய பாகங்களை அமிலத்தால் அரித்து அதில் வெட்டியிருப்பார்கள். போட்டோ எட்ச் என்று பெயர். ஒவ்வொன்றையும் பிளேட்டால் வெட்டியெடுத்து, சாமணத்தால் பிடித்து, மடித்து, சுப்பர் க்ளூவில் தொட்டு ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் பலமாக மூச்சு விட்டாலும் பாகம் பறந்துவிடும்.

ஃபேன் போட்டால் கேட்கவே வேண்டாம். கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் மட்டக்களப்பில் யன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிற்பாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். பயிற்சிக் கொப்பியால் விசிறிக்கொண்டு அதே அறையில் இருந்து திருத்துவாள். குறிப்புத்தாளை நான் கையை நீட்டி நீட்டி எட்டப் பிடித்து வாசிப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிங்க. வாவிக்குள்ள விழட்டும்.”

“எழுத்தைச் சின்னனா அடிக்கிறானுகள். நான் என்ன செய்ய?”

“ஓம், ஓம். உலகத்தில உள்ள எல்லாக் கொம்பனியும் சேந்து உங்களுக்கு எதிராச் சதி செய்யிறானுகள்.”

காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடி ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் போட்டால் அவள் பாடசாலை அதிபர் மாதிரி இருக்கிறாள் என்று நான்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கைப் பட்டிகள் நான்கையும் ஒட்டி முடித்துப் பெருமையோடு அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இரிக்கு.”

அந்தத் ‘தான்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

அடுத்தது குறிபார்க்கும் வளையம். சாமணத்தில் அழுத்தியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், வளையத்தைக் காணவில்லை. மேசைக்குக் கீழே தவழ்ந்தேன். உடுத்திருந்த சாரத்தை உதறினேன். செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. போன விமானத்திலும் இப்படித்தான், அதற்கு முந்தியதிலும் இப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தகட்டிலேயே பாகங்களைக் குறைத்து அனுப்புகிறார்கள் என்று முடிவுகட்டி, அந்த வெளிநாட்டுக் கொம்பனிக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். கணினியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கடிதத்தில் வெளுத்து வாங்கினேன். மூன்று விமானங்களில் மொத்தம் பதினொரு பாகம் குறைவு, இது ஏமாற்று வேலை, நான் கண்ணும் கருத்துமாக வேலை செய்கிறவன்.

அனுப்பப் போகும்போது பின்னால் நின்று அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்பாதிங்க. பொறுங்க, வாறன்.”

அலுமாரியிலிருந்து ஒரு சின்னத் தைலப் போத்தலைக் கொண்டுவந்து, வெள்ளைக் கடதாசியில் கவிழ்த்தாள். ஏதோ மஞ்சளாகக் கொட்டியது.

“என்ன, மணலா?”

அவள் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் வைத்தாள்.

மணல் இல்லை. கொளுக்கிகள், ஒரு நெம்புகோல், பல்லுச் சக்கரம், கடைசியாக அன்றைய வளையம். எண்ணினேன். பதினொன்று. விமானத்தையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு பட்டிகளில் ஒன்று இருக்கையின் முதுகுப்புறத்தில் ஒட்டியிருந்தது. அசடு வழிந்தது எனக்கு.

“எல்லாம் எங்க கிடந்த?”

“நிலத்திலதான். வளையம் இப்ப என்ட கொப்பிக்கு மேல விழுந்த, நீங்க கடிதம் எழுதக்குள்ள உள்ள போட்டன். மத்ததெல்லாம் கூட்டக்குள்ள அள்ளிப் போட்ட. மறுகா கேப்பீங்க எண்டு வெச்சிருந்தன்.”

“இவ்வளவு சின்னதை எப்பிடிக் கண்ட? கூட்டுற ஆரும் இப்பிடி அரிச்சுப் பாக்கிறல்லயே.”

“நான் தேடினது வேற சாமான். கிடைச்சது உங்கட.”

அப்போதுதான் நிமிர்ந்தேன். கண்ணாடிக்குள் அவள் முகம் பக்கத்தில், துல்லியமாக இருந்தது. மூக்குத்தியில் கல் இல்லை. கல் இருந்த இடத்தில் வெறும் குழியும் கல்லைப் பிடித்திருந்த நான்கு பொன் பற்களும்.

“கல்லெங்க? எப்ப விழுந்த?”

“போன வருசம் சித்திரைக்கு முதல்.”

ஒரு வருடத்துக்கு மேல். ஒரே அறையில் இருந்திருக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். வெட்கமாக இருந்தது. எழுதிய கடிதத்தை அழித்தேன்.

“தட்டாரிட்டக் குடுத்து வேற கல் வெச்சிருக்கலாமே. எனக்கிட்டயாவது ஏன் சொல்லல்ல?”

“நீங்க எப்ப காணுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்,” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றாமலே எழுந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, அலுமாரிக்குக் கீழே கல்லைத் தேடக் குனிந்தேன்.