பாதியில் நின்ற டிரெய்லர்

துறைமுக வேலையில் பழகிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் ஒரு அளவு பெரிதாகத்தான் போடும். ஃபோர்க்லிஃப்ட்டானாலும் விசைப்படகின் வின்ச்சானாலும், சொன்ன பாரத்தோடு யாரும் நிறுத்துவதில்லை. அதனால், எண்ணெய் அழுத்தத்தில் பாரம் தூக்கும் சிலிண்டர் நாலு அங்குலம் போதும் என்ற இடத்தில் ஆறு அங்குலம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். திருவொற்றியூரில் என் ஹைட்ராலிக் பட்டறை இப்படித்தான் பேர் வாங்கியது. அந்தப் பேரை நம்பித்தான் என் தங்கை கணவர் என்னிடம் வந்தார்.

அவர் மீஞ்சூர்ப் பக்கம் சொந்தமாக டிராக்டர் ஓட்டியவர். டிரெய்லரில் எரு ஏற்றிப்போய் வயல்களில் இறக்குவதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. எல்லாம் மண்வெட்டியால் வாரி இறக்குவது. போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. இனிமேல் குனிந்து வாரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிரெய்லர் தானாகத் தூக்கிக் கொட்டினால் டிராக்டர் தப்பும், இல்லையென்றால் விற்க வேண்டியதுதான். விற்றால் அவர் ஒடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். தரையில் நிற்கும்போது சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத மனுஷன், அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தால் வழியெல்லாம் பாடுவார்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில், துறைமுகத்தில் கழித்துப்போட்ட மெஷின் ஒன்றின் சிலிண்டர் கிடைத்தது. என் தொடை தண்டி. பார்த்ததுமே விழுந்துவிட்டேன். டிரெய்லருக்கு அடியில் வெல்டு வைத்து, பட்டறையின் பம்பிலேயே இணைத்துப் பார்த்தேன். மணல் மூட்டைகளோடு டிரெய்லர் ஜம்மென்று எழுந்து நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மட்டும் சிலிண்டரையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"இம்மாம் பெருசு எவ்ளோ எண்ண குடிக்கும் மச்சான்? நம்ம வண்டில அவ்ளோ கீதா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. டிராக்டர் ஓட்டுவது உங்கள் வேலை, ஹைட்ராலிக் என் வேலை என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு எனக்கு டீ வாங்கப் போனார்.

முதல் லோடு எருவை இறக்கும் அன்று தங்கை டிராக்டருக்குக் கற்பூரம் காட்டினாள். சிலிண்டரை இப்போது டிராக்டரின் பம்போடு இணைத்திருந்தேன். அவர் லிவரை இழுத்தார். டிரெய்லர் மெதுவாக எழுந்து பாதியில் நின்றது. பம்ப் கீச்சிட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றிருந்த நான் விடவில்லை.

"ஆக்சிலேட்டர ஏத்துங்க மாப்ள, ஏறிடும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தம் நல்லதல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் ஏற்றினார், சொன்னவன் நான் என்பதற்காக. உள்ளே எதுவோ நொறுங்கியது. வண்டி நின்றுவிட்டது.

டிரெய்லர் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இருந்த ஒரே மண்வெட்டியை நான் பிடுங்கிக்கொண்டு எருவை வார ஆரம்பித்தேன். அரை மணியில் மூச்சிரைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மீதியை வாரினார். தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

டிராக்டர் மெக்கானிக் வந்து திறந்து பார்த்தபின்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. துறைமுக மெஷின்களிலும் என் பட்டறை பம்பிலும் ஹைட்ராலிக் எண்ணெய்க்குத் தனித் தொட்டி இருக்கும். இவர் டிராக்டரில் அது கிடையாது. கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெயையே பம்ப் உறிஞ்சித் தூக்குகிறது. நான் மாட்டிய சிலிண்டர் அத்தனையையும் குடித்துவிட்டது. எண்ணெய் தீர்ந்து காற்றை உறிஞ்சிய பம்ப் நொறுங்கி, அந்தத் தூள் கியர்களுக்குள் போய்விட்டது. டிராக்டர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர் என்னிடம் கேட்டதே அதைத்தான்.

கப்பலில் வரும் எந்த பம்பையும் என்னால் பிரித்து மாட்ட முடியும். இந்தப் பழைய வண்டிக்கு ஒரு செட் கியர் தேடி மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை அலைந்தும் கிடைக்கவில்லை. அதற்குள் எரு அடிக்கும் பருவம் முடிந்தது. வயல்காரர்கள் வேறு டிராக்டர் பிடித்துக்கொண்டார்கள். என்னால்தான் எல்லாம் கெட்டது என்று ஒருநாள் அவரிடம் வாய்விட்டே சொன்னேன். "வுடு மச்சான்" என்றதோடு சரி. வண்டியை வாங்க வந்தவன் அதை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்துப்போனபோது, அவர் தெருமுனை வரை பின்னாலேயே நடந்து போனார். என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

இப்போது மாத்தூரில் ஒரு கண்டெய்னர் யார்டு கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். நான்தான் தெரிந்தவரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போன வாரம் அந்த வழியாக பைக்கில் போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, என் தோளில் கைபோட்டு, கூட இருந்த வாட்ச்மேனிடம் பெருமையாகச் சொன்னார்.

"எம்மச்சான். இந்த வேலய வாங்கிக் குட்த்ததே இவருதான்."

மனசாரத்தான் சொன்னார். நான் பைக்கைக் கிளப்பினேன்.