ஆகாயத்திலிருந்து அய்யாவின் காடு

எங்கள் அய்யா பிறந்தது பேரையூருக்குத் தெற்கே, மழையை மட்டும் நம்பியிருந்த ஒரு சிற்றூரில். அவரைப் பெற்றவர்கள் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். குடியிருந்த குடிசைகூடப் பிறர் இடத்தில்தான் நின்றது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அய்யா, கிணறு வெட்டும் ஆட்களோடு ஊர் ஊராகப் போனார். அப்படித்தான் திருமங்கலத்துக்குக் கிழக்கே அம்மாவின் ஊருக்கு வந்து, அம்மாவை மணந்து, அங்கேயே தங்கினார்.

பல ஆண்டு உழைப்பில் இருவரும் வாங்கியது ஒரு ஏக்கர் மானாவாரி நிலம்; எங்கள் பேச்சில் காடு. வாங்கியபோது அதில் கருவேலமும் கல்லும்தான் இருந்தன. அந்தக் கல்லைப் பொறுக்கி அய்யா வரப்புக் கட்டினார். அவர் சத்தம் போட்டுப் பேசுபவர் அல்லர். வரப்பை யாராவது சரித்துவிட்டால் மட்டும் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். என்னையும் தம்பியையும் படிக்க வைத்ததில் அந்தக் காட்டுக்கும், அவர் வெட்டிய கிணறுகளுக்கும் சமபங்கு உண்டு.

பத்திரிகை வேலை என்னை மும்பைக்குக் கொண்டுபோனது. கோடை விடுமுறைதோறும் மகள் யாழினியை அழைத்துக்கொண்டு விமானத்தில் மதுரை வருவேன். அவளுக்கு எட்டு வயதானபோது, ஒருநாள் மும்பை வீட்டில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அய்யாவிடம் போனில் பேசினாள். "தாத்தா, உங்க இடம் எதுன்னே தெரியல. எல்லாம் ஒரே பிரவுனா இருக்கு" என்றாள்.  விமானத்திலிருந்து பார்த்தாலாவது தெரிகிறதா என்று அய்யா கேட்டார். அதுவும் தெரியாது என்றாள்.

"சரி ஆத்தா. நான் தெரிய வைக்கிறேன்."

அன்றிலிருந்து அவர் விமானங்களைக் கவனிக்கத் தொடங்கினார். காற்று கிழக்கேயிருந்து வீசும் நாளில் அவை மேற்கேயிருந்து இறங்குகின்றன, அப்போது நம் காட்டுக்குச் சற்று வடக்கே தாழ்ந்து போகின்றன, ஆகவே வலது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்று அவராகவே கண்டு எனக்குச் சொன்னார். இருபது ஆண்டுகளாக விமானத்தில் வருகிறேன். எனக்கு இது தெரியாது. அவர் விமானத்தில் ஏறியதே இல்லை.

அந்தக் கோடையில் காட்டின் நான்கு மூலைகளிலும் வேட்டிகளை விரித்தார். நாங்கள் விமானம் ஏறுமுன் அம்மா போனில் கூப்பிட்டார். "இருக்குற வேட்டியெல்லாம் காட்டுல விரிச்சுப்புட்டு, ஒங்கய்யா இடுப்புல துண்டோட நிக்கிறாரு. மேல இருந்து பாத்தா அதுதான் மொதல்ல தெரியும், பாத்துக்க."

துண்டும் தெரியவில்லை, வேட்டியும் தெரியவில்லை. யாழினி உண்மையைச் சொல்லிவிட்டாள். அய்யா வருந்தியதாகத் தெரியவில்லை. வேறு என்னவெல்லாம் தெரிந்தது என்று மட்டும் விசாரித்தார். நாற்கரச் சாலை, கண்மாய்க் கரை, பள்ளிக்கூடத்துக் கூரை என்று அவள் அடுக்கினாள். அப்படியானால் நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும் என்று அய்யா முடிவுக்கு வந்தார்.

அடுத்த கோடைக்குள் அவர் சேர்த்தது பழைய பிளக்ஸ் பேனர்களை. நம் பக்கத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, பேனர் இல்லாமல் நடப்பதில்லை. விசேஷம் முடிந்தால் அது மாட்டுக் கொட்டகைக்கோ விறகு மூடவோ போகும். அதன் பின்பக்கம் சுத்த வெள்ளை. அய்யா தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். சிரித்தவர்கள் உண்டு; கொடுக்காதவர்கள் இல்லை. வரப்பு நெடுக அவற்றைக் கவிழ்த்துப் போட்டு, பறக்காமல் கல் வைத்தார். பக்கத்துக் காட்டு முருகேசன் அண்ணன், தன் மகளின் கல்யாணப் பேனரைத் தானே தூக்கி வந்து விரித்தாராம். "மாப்ள, ஒன் மூஞ்சி மண்ணுக்குள்ள போகுது, கோவிச்சுக்கிராத" என்று மருமகனிடம் அவர் சொன்னதை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லாம் செய்தும், நாங்கள் வரும் நாளில் காற்று எந்தப் பக்கம் இருக்கும் என்பது மட்டும் அய்யாவின் கையில் இல்லை.

எங்களுக்குக் கிடைத்தது இடப்பக்க இருக்கை. வலப்பக்க ஜன்னலோரம் இருந்தவரிடம் யாழினியே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து இடம் கொடுத்து நடு இருக்கைக்கு மாறினார். நடைவழி ஓரத்து இருக்கையும் காலியாக இருந்ததால் நானும் போய் அமர்ந்தேன். விமானம் தாழ்ந்தது. கருவேலங்காடு, நீரற்ற கண்மாய், திருமங்கலத்து வீடுகள். மேற்கேயிருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு அது வந்தது. பழுப்பு நிலத்தில் ஒரு வெள்ளைக் கோடு, கோடு திரும்பியது, மறுபடி திரும்பி, தொடங்கிய இடத்தில் முடிந்தது. நான் நடந்து வளர்ந்த காடு அது. அதற்கு ஒரு வடிவம் உண்டு என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. கிழக்கு மூலை சற்று உள்வாங்கியிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் கிடக்க, ஒரு மனிதர் தன் பங்கு எதுவரை என்று ஆகாயத்துக்குக் காட்டியிருந்தார். 

"அம்மா, அது முழுசும் தாத்தாவோடதா?"

ஆமாம் என்றேன். இறக்கைக்குப் பின்னால் அது மறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் அய்யா கேட்டது, "எம்புட்டுப் பெருசாத் தெரிஞ்சுச்சு?" யாழினி யோசித்து, தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். அய்யா அந்த நகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அம்புட்டுத் தெரிஞ்சுச்சா" என்றார்.

அந்த ஆண்டு ஐப்பசியில் சோளம் விதைத்த கையோடு அய்யாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரை மருத்துவமனையில் சில நாட்கள் இருந்தார். நினைவு தப்பும் வரை தெளிவாகப் பேசினார். களையெடுப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னதே கடைசிப் பேச்சு.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த உறவினர்களுக்கும், இறுதிச் சடங்கு முதல் இன்றைய முதலாண்டு நினைவு நாள் வரை எங்களைத் தாங்கிய ஊராருக்கும், சொல்லாமலே வந்து களையெடுத்துக் கொடுத்த முருகேசன் அண்ணன் குடும்பத்துக்கும் நன்றி கூறுகிறோம். பேனர் கொடுத்த வீடுகள் அனைத்துக்கும் நன்றி.

பெயர் கேட்காமல் விட்ட ஒருவரும் இருக்கிறார். ஜன்னலோர இடத்தைக் கொடுத்த அந்தப் பயணி, யாழினியின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மதுரையில் இறங்கும்போது, "பாப்பா, ஒங்க தாத்தாகிட்ட நானும் பாத்தேன்னு சொல்லு" என்றார். அன்று மாலை யாழினி அதைச் சொன்னபோது, அதுவரை கட்டிலில் சாய்ந்திருந்த அய்யா எழுந்து உட்கார்ந்தார்.

"அசல் ஆளா? நம்ம ஆளு இல்லையே? அவரும் பாத்தாராமா?"

இரவுச் சாப்பாடு வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நினைவு மலர் அந்தப் பயணியின் கைக்குப் போய்ச் சேர வழியில்லை. அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.